கேமராவின் பின்திரையை எவ்வளவு நம்பலாம்? கல்யாணப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபத்தில் கேமராவின் பின்திரையில் பளிச்சென்று தெரிந்த படம் ஆல்பத்தில் அச்சாகி வரும்போது இருண்டு நிற்கிறது. திரையில் கூர்மையாகத் தெரிந்த மணப்பெண்ணின் கண், கணினியில் திறந்ததும் மங்கலாகிவிடுகிறது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் இதைச் சந்திக்கிறார்கள். அந்த மூன்று அங்குலத் திரையால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை அதனிடம் கேட்பதால் வரும் சிக்கல் இது.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் இந்த விஷயங்கள் எதுவும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. மெனுவில் ஒன்று இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில். கையேட்டில் ஒவ்வொன்றும் வேறு வேறு அத்தியாயத்தில். மூத்தவர்களைக் கேட்டால் "எடுத்து எடுத்துத்தான் பழக வேண்டும், தம்பி" என்பார்கள். நாம் பழகும் காலத்தில் பாழாவது ஒரு குடும்பத்தின் கல்யாணப் படம். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே முகூர்த்தத்துக்குக் கேமராவோடு போகும் முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் இரண்டுக்கும் இது பொருந்தும். நீங்கள் ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும், பிறகு கணினியில் திருத்தக்கூடிய கோப்பு) எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. திரையில் தெரிவது எது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்

பல கேமராக்களின் பின்திரை 10,40,000 புள்ளிகள் கொண்டது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். ஆக உண்மையில் திரையில் இருப்பது 720 × 480, அதாவது சுமார் 3,45,000 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் நீங்கள் எடுக்கும் படமோ 6000 × 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம். நூறு பிக்சலில் இரண்டுகூடத் திரைக்கு வருவதில்லை. இப்படிச் சுருக்கும்போது சிறு கை நடுக்கமும் தப்பிய ஃபோகஸும் மறைந்துபோகும். முழுப்படமாகப் பார்த்து "ஷார்ப்பாக இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது விஷயம்: ரா கோப்பில் எடுத்தாலும் திரையில் தெரிவது அந்தக் கோப்புக்குள் கேமரா செய்து வைக்கும் ஒரு ஜேபெக் முன்னோட்டம்தான். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் அந்த ஜேபெக்கிலிருந்தே கணக்கிடப்படுகிறது. கேமராவில் நீங்கள் வைத்திருக்கும் பிக்சர் ஸ்டைல் (நிறமும் கான்ட்ராஸ்டும் எப்படி வர வேண்டும் என்ற அமைப்பு), வைட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கேற்ற திருத்தம்), கூர்மை எல்லாம் அதில் கலந்திருக்கும்.

2. ஒரு மாலை நேரம் ஒதுக்கி மெனுவைச் சீர்செய்யுங்கள்

முதலில் ஆவணம். கேமராப் பெட்டியில் வரும் சிறு புத்தகம் பெரும்பாலும் போதாது. உங்கள் மாடலின் முழுக் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து பிடிஎஃப் வடிவில் இலவசமாக இறக்கி, கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இணையம் கிடைக்காமல் போகலாம்.

திரையின் வெளிச்சத்தைத் தானியங்கியில் விடாமல் நடுவில் நிறுத்துங்கள். கேனனில் 1 முதல் 7 வரையிலான அளவில் 4. நிக்கானில் 0. சோனியில் வெயிலுக்கென்று 'சன்னி வெதர்' என்றோர் அமைப்பு உண்டு. வெளியில் பயன்படுத்திவிட்டு மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதை அப்படியே விட்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் இருண்ட படமும் அருமையாகத் தெரியும்.

பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். விவிட் போன்றவை முன்னோட்டத்தில் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றி, ராவில் பத்திரமாக இருக்கும் பகுதியையும் வெளுத்துப்போனதாகக் காட்டும். நிழலைத் தூக்கிக் காட்டும் வசதிகளை அணைத்துவிடுங்கள்: கேனனில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ. இவை முன்னோட்டத்தில் நிழலை வெளிச்சமாக்கி நம்மை ஏமாற்றும்.

அடுத்து, வெளுத்த இடங்களை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையையும் மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் இயக்குங்கள். நிக்கானின் பல மாடல்களில் பிளேபேக் டிஸ்பிளே ஆப்ஷன்ஸ் என்ற பகுதிக்குப் போய் இவற்றை டிக் செய்தால்தான் திரைக்கு வரும். "என் கேமராவில் இந்த வசதி இல்லை" என்று சொல்கிற பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கார்டு இல்லாமல் ஷட்டர் அடிக்கும் வசதியைக் கட்டாயம் பூட்டிவிடுங்கள். சில கேமராக்கள் கார்டு இல்லாமலும் படம் எடுத்துத் திரையில் காட்டும். நிக்கானில் அப்போது படத்தின் மேல் 'டெமோ' என்று எழுதியிருக்கும். அவசரத்தில் அது யார் கண்ணிலும் படாது.

கடைசியாக, மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. எடுத்த படத்தை உடனே காட்டும் ஆட்டோ ரிவ்யூ, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள்ளும் வரும். முதல் முடிச்சைச் சொடுக்கியதும் அந்தப் படமே இரண்டு விநாடி கண்ணை மறைத்துக்கொண்டு நிற்க, இரண்டாவது முடிச்சு போய்விடும். ஷட்டரைப் பாதி அழுத்தினால் அது விலகும் என்றாலும், பதற்றத்தில் விரல் அதைச் செய்யுமென்று நம்பாதீர்கள். ஆட்டோ ரிவ்யூவை அணைத்துவிட்டு, வேண்டும்போது பிளே பட்டனை அழுத்திப் பாருங்கள். நிக்கான் இசட் வரிசையில் பின்திரையில் மட்டும் காட்டும்படி வைக்கலாம்.

இவ்வளவையும் முடித்தபின் கேனனில் சி1, நிக்கானில் யு1 போன்ற தனி மோடில் சேமித்துவிடுங்கள். கேமரா கை மாறினாலும் ஒரே திருப்பில் உங்கள் அமைப்பில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும்.

3. வேட்டிச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். அரைமணி நேரம் போதும், செலவு இல்லை.

மாடிக் கொடியில் வெள்ளை வேட்டி ஒன்றை மடிப்புகள் தெரியும்படி வெயிலில் போடுங்கள். மேனுவல் மோடில், வேட்டி திரையை நிறைக்கும்படி நின்று, கேமராவின் மீட்டர் சொல்லும் அளவில் ஒரு படம். பிறகு ஷட்டர் வேகத்தை மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைத்துக் குறைத்து, மொத்தம் மூன்றரை ஸ்டாப்புக்கு மேல் போகும்வரை எடுங்கள். மேகம் குறுக்கே வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது படங்களைப் பின்திரையில் வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். முதல் படத்தில் வேட்டி சாம்பல் நிறமாக இருக்கும். எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்குவதே மீட்டரின் வேலை. போகப்போக வெளுக்கும். எந்தப் படத்தில் மடிப்பின் முகடு முதன்முதலாக மினுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரா கோப்புகளைக் கணினியில் திறந்து, ஹைலைட்டைக் குறைத்துப் பாருங்கள். எந்தப் படத்தில் நூலிழையும் மடிப்பின் விளிம்பும் இனி திரும்பாது என்ற நிலைக்கு வருகின்றன? அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் கேமராவில் மினுக்கலுக்குப் பின் மிச்சமிருக்கும் இடம். பெரும்பாலும் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை இருக்கும். ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். அடுத்தவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேமராவில் நீங்களே கண்ட எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கேமராப் பையில் போட்டுவையுங்கள்.

4. மண்டபத்தில் ஹிஸ்டோகிராமைப் படிப்பது

ஹிஸ்டோகிராமின் இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். நடுவில் மலைபோல் குவிந்தால்தான் நல்ல படம் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். அது தவறு. கருநீலத் திரைக்கு முன் இரண்டு முகங்கள் இருக்கும் படம் இடப்பக்கம் குவியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் வெளுத்துவிடும்.

ஹிஸ்டோகிராமின் வலது சுவரை, அதாவது வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டிக்கொண்டு ஒரு கோடு எழுந்து நின்றால், எது வெளுத்திருக்கிறது என்று மினுக்கலில் தேடுங்கள். ஹோம நெருப்பின் நடு, ஜரிகையின் பளபளப்பு, நகையில் தெறிக்கும் ஒளிப்புள்ளி, வீடியோ விளக்கு ஆகியவை மினுக்கலாம், தவறில்லை. மாப்பிள்ளையின் வேட்டி முழுதும், மணப்பெண்ணின் நெற்றி, மல்லிகைச் சரம் ஆகியவை மினுக்கினால் வேட்டிச் சோதனையில் கண்ட எண்ணை நினைவில் கொண்டு எக்ஸ்போஷரைக் (படத்தில் பதியும் வெளிச்சத்தை) குறையுங்கள்.

இந்தக் கணக்கு ஏன் தேவை என்றால், மண்டபத்தில் நம் கண் நிலையாக இருப்பதில்லை. விடியற்காலை முகூர்த்தத்தில் அரையிருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை மிகவும் பளிச்சென்று தெரியும். இருண்ட படமும் சரியாகத் தோன்றும். பத்து மணி வெயிலில் வாசலில் நின்றால் அதே திரை இருண்டு தெரியும். சரியான படத்தையும் கெடுத்துக்கொள்வோம். ஹிஸ்டோகிராம் இரண்டு இடத்திலும் ஒன்றையே சொல்லும்.

5. கூரைப் புடவைக்குத் தனிக் கவனம்

ஒற்றை வெள்ளைக் கோடாகத் தெரியும் ஹிஸ்டோகிராமில் பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்ற அளவில்தான் பங்கு. குங்குமச் சிவப்புப் பட்டில் மஞ்சள் விளக்கு விழும்போது சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டிருக்கும். வெள்ளைக் கோடோ வலது சுவருக்கு வெகுதூரத்தில் இருக்கும். ஆல்பத்தில் வந்து பார்த்தால் புடவையின் கரையும் புட்டாவும் கரைந்து, ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். பட்டு வாங்கிய குடும்பத்துக்கு இது பெரிய மனக்குறை.

ஆகவே மணப்பெண் கூரைப் புடவை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்ததும் ஒரு படம் எடுத்து, மூன்று நிற ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் பாருங்கள். சுவரில் முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்போ மூன்றில் இரண்டு ஸ்டாப்போ குறையுங்கள். மேடை அலங்காரத்தில் ஊதா, நீல எல்இடி இருந்தால் நீலத்துக்கும் இதே பரிசோதனை. வரவேற்பு நடக்கும் மாலை நேரங்களில் முகத்தின் ஒரு பக்கம் முழுதும் இப்படித்தான் நீலத்தில் போய்விடுகிறது.

6. ஃபோகஸ்: நூறு சதவீதத்தில், கண் இமையில்

ஒரே அழுத்தில் ஃபோகஸ் விழுந்த இடத்துக்கே 100 சதவீதத்தில், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையில் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவில், போகும்படி ஒரு பட்டனை அமையுங்கள். நிக்கானின் பல மாடல்களில் நடு ஓகே பட்டனுக்கு இதைக் கொடுக்கலாம். கேனனில் உருப்பெருக்கத்தை 'ஆக்சுவல் சைஸ்' என்று வைக்கலாம். சோனியில் உருப்பெருக்கம் ஃபோகஸ் இடத்தில் தொடங்கும்படி மெனுவில் சொல்லலாம். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றித் தேடினால் பத்து விநாடி போய்விடும்; இப்படி அமைத்தால் இரண்டு விநாடி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோனி, ஃபியூஜி மாடல்கள் சிலவற்றில் ரா மட்டும் எடுத்தால் உள்ளே இருக்கும் முன்னோட்டம் சிறியது. பெருக்கிப் பார்த்தால் நல்ல படமும் மங்கலாகவே தெரியும். லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அலைபவர்களும் உண்டு. ராவோடு ஜேபெக்கையும் சேர்த்து எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். கார்டில் கொஞ்சம் இடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

பெருக்கியதும் எதைப் பார்ப்பது? மணப்பெண் மேடையில் பெரும்பாலும் தலை குனிந்திருப்பார். கேமராவுக்குப் பளிச்சென்று கிடைப்பது நெற்றிச்சுட்டியும் மாலையின் பூ விளிம்பும். முழுச்சட்டகம் கொண்ட கேமராவில் 85 மிமீ லென்ஸ், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக நிற்கும் ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர். மாலையில் ஃபோகஸ் விழுந்தால் கண் நிச்சயம் வெளியே போய்விடும். எனவே பெருக்கியதும் முதலில் அருகில் இருக்கும் கண்ணின் இமை மயிரைப் பாருங்கள். அவை தனித்தனியாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாமல், நெற்றிச்சுட்டியின் கல்லோ சம்பங்கி இதழோ தனித்தனியாகத் தெரிந்தால் ஃபோகஸ் அங்கே போயிருக்கிறது. கண்ணைக் கண்டறியும் ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையென்றால் ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். படத்தில் எதுவுமே கூர்மையாக இல்லாமல், எல்லா ஒளிப்புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். மேடைத் தூண் கூர்மையாக இருந்து ஆட்களின் கை மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது அவர்கள். அதற்கும் ஷட்டர் வேகம்தான் மருந்து. மூன்றும் சிறு திரையில் ஒன்றுபோல் 'மங்கல்' என்றுதான் தெரியும். பெருக்கிப் பார்த்தால்தான் எதை மாற்றுவது என்று புரியும்.

வெள்ளெழுத்து வந்தவர்கள் பின்திரையை வெறுங்கண்ணால் பார்த்து ஃபோகஸைத் தீர்மானிக்கக் கூடாது. மிரர்லெஸ் என்றால் வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு டயாப்டர் சக்கரத்தை உங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருப்பி, எடுத்த படத்தையும் அதற்குள்ளேயே பாருங்கள். வெயிலில் பார்ப்பதற்கும் இதுவே சிறந்த வழி.

7. எல்இடி பட்டைகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். 1/250, 1/500 என்று வேகமாகப் போனால் படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழலாம். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து வேகமாகத் தள்ளிப் பாருங்கள். வெளிச்சம் மேலும் கீழும் நகர்ந்தால் பட்டை இருக்கிறது. 1/100க்கு இறங்கிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் இருந்தால் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். விளக்கு மங்கி எரிவதைச் சமாளிக்கும் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் வசதி கேமராவில் இருந்தால் இயக்குங்கள். இந்தச் சோதனையை மேடை விளக்குகள் எரியத் தொடங்கியவுடன், ஆட்கள் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

8. நிறத்தைத் திரையில் தீர்மானிக்காதீர்கள்

மஞ்சள் விளக்குக்கு நடுவே நிற்கும் கண்ணுக்குத் திரை நீலமாகத் தெரியும். ரா எடுப்பதால் வைட் பேலன்ஸைப் பிறகு சரிசெய்யலாம். விளக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாம்பல் அட்டையை எடுத்துவையுங்கள், போதும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது திரை கறுத்தே போகலாம்.

9. சிறு திரை உண்மை சொல்லும் இடம்

படத்தின் அமைப்பு. இதில் பின்திரையைத் தாராளமாக நம்பலாம். ஒன்பது படங்கள் ஒன்றாகத் தெரியும் பட்டியலுக்குப் போங்கள். தபால்தலை அளவிலும் எந்தப் படம் சட்டென்று கண்ணை இழுக்கிறதோ அதன் அமைப்பு நன்றாக இருக்கிறது. பிறகு முழுப்படத்தில் நான்கு மூலைகளையும் ஒரு சுற்று பாருங்கள்: தலைக்கு மேல் முளைத்த மின்விசிறி, மனைக்கு அருகே தண்ணீர் பாட்டில், வீடியோக்காரரின் ஸ்டாண்ட், பிளாஸ்டிக் நாற்காலி. ஓரடி நகர்ந்து நின்றாலே பாதி ஒழிந்துவிடும்.

10. எப்போது பார்ப்பது, எப்போது பார்க்கக் கூடாது

மாப்பிள்ளை மனையில் உட்கார்ந்து பிள்ளையார் பூஜை, சங்கல்பம் நடக்கும் நேரம் உங்களுக்குப் பொன்னான நேரம். வேட்டி எதிரிலேயே இருக்கிறது, மேடை விளக்கும் மாறப்போவதில்லை. எக்ஸ்போஷர், பட்டை, ஃபோகஸ் மூன்றையும் அப்போதே முடித்துவிடுங்கள். மணப்பெண் புடவை மாற்றி வந்ததும் சிவப்புக்காக ஒரு பார்வை. அதன்பின் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்கச் சுற்றி எடுத்துப்போகும்போது கடைசியாக ஒரு பார்வை: கார்டில் இன்னும் எத்தனை படம் இருக்கிறது, பேட்டரி எவ்வளவு. கெட்டிமேளம் தொடங்கியதிலிருந்து மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை அடங்கி, நெற்றியில் குங்குமம் வைத்து முடியும்வரை திரையைப் பார்க்கவே கூடாது.

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து "தம்பி, எப்படி வந்திருக்கிறது, காட்டுங்கள்" என்பார். மறுக்காதீர்கள். நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு படத்தை மட்டும் காட்டி, "மீதியைப் பந்தி முடிந்ததும் காட்டுகிறேன், ஐயா" என்று சொல்லுங்கள். கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டால் அடுத்த சடங்கு உங்களுக்காகக் காத்திருக்காது.

11. மண்டபத்தில் எதையும் அழிக்காதீர்கள்

திரையில் மோசமாகத் தெரியும் படம் ராவில் மீளலாம். கண் மூடியிருக்கும் படத்தில்தான் தாத்தாவின் சிரிப்பு இருக்கும். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும் என்று கொண்டால் 64 ஜிபி கார்டில் சுமார் 2000 படங்கள் நிற்கும். பத்துப் படத்தை அழித்து மிச்சமாவது ஒன்றுமில்லை. தவறான பட்டனால் போவது ஒரு சடங்காக இருக்கலாம். பிடித்த படத்துக்கு நட்சத்திரம் கொடுங்கள், அது போதும்.

12. செலவு

திரையில் ஒட்டும் கண்ணாடிக்கும், வெயிலில் திரைமேல் வைத்துப் பார்க்கும் லூப்புக்கும் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை ஆகும். லூப் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு உண்மையிலேயே உதவும். மிரர்லெஸ்காரர்கள் வாங்க வேண்டாம். அதற்குப் பதில் கூடுதல் பேட்டரிக்குச் செலவிடுங்கள். மிரர்லெஸில் எப்போதும் ஏதாவதொரு திரை எரிந்துகொண்டே இருக்கும். தொழில்துறைச் சோதனைக் கணக்குப்படி நிக்கான் டி3500 டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் 1550 படம் எடுக்கும். கேனன் எம்50 மிரர்லெஸ் 235 மட்டுமே. ஒரு முகூர்த்தத்துக்கு மிரர்லெஸ் என்றால் மூன்று பேட்டரியாவது பையில் இருக்க வேண்டும்.

இன்னொரு செலவு அச்சு. முதல் கல்யாணத்துக்கு முன், பின்திரையில் உங்களுக்கு "சரி" என்று பட்ட பத்துப் படங்களைத் திருத்தாமல், நீங்கள் ஆல்பம் கொடுக்கப்போகும் அதே லேபில் 4 × 6 அளவில் அச்சடித்து வாங்குங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடியும். பகல் வெளிச்சத்தில் அச்சையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு இருண்டு தெரிந்தால் திரையின் வெளிச்சத்தை ஒரு படி இறக்கி, அந்த எண்ணையும் வேட்டிச் சோதனைச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். லேபை மாற்றினாலோ கேமராவை மாற்றினாலோ இதை மீண்டும் செய்ய வேண்டும்.